ஓட்டுகிறவர் காட்டினால் போதும்

என் வாய் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. அது சும்மா இருக்கிற வாய் இல்லை.

அக்கா வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மாமா, அதாவது அக்காவின் கணவர். பின்னால் திரைச்சீலை மூட்டைகளுக்கும் அலுமினியக் கம்பிகளுக்கும் நடுவே, ட்ரில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு நான். ஊருக்கு வெளியே ஒரு பல் டாக்டர் புதிதாகக் கிளினிக் கட்டியிருந்தார். மதியத்துக்குள் அத்தனை ஜன்னலுக்கும் திரை மாட்டிக் கொடுக்க வேண்டும்.

எங்களுடையது திரைச்சீலைக் கடை. மாமா வீடு வீடாகப் போய் அளவெடுப்பார், அக்கா வெட்டித் தைப்பாள், நான் சுவரில் ஓட்டை போடுவேன். நல்ல ஏற்பாடுதான், ஒரே ஒரு சிக்கலைத் தவிர. அக்காவும் மாமாவும் ஒரே வீட்டில் இல்லை.

போன வருஷம் ஒரு பெரிய வீட்டுக்குத் தைத்துக்கொண்டு போன திரைகள் எல்லாமே ஒரு சாண் குட்டையாகப் போய்விட்டன. தரைக்கும் துணிக்கும் நடுவில் பூனை நடந்து போனது. அளந்தவர் மேல் தப்பா, வெட்டியவள் மேல் தப்பா என்று கடையில் தொடங்கிய பேச்சு வீட்டுக்கு வந்தது. வீட்டில் பழைய குப்பையெல்லாம் கிளறப்பட்டது. கடைசியில் மாமா, "இதுக்குக் கடை மாடியே தேவலை" என்றார். "போங்களேன், இங்க யாரு பிடிச்சு வச்சிருக்கா" என்றாள் அக்கா. ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாகப் போனவர்தான். அவள் கூப்பிடட்டும் என்று அவரும், அவராக வரட்டும் என்று அவளும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். தொழில் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

நேருக்கு நேர் பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். "ஹால் ஜன்னல் எவ்வளவு உயரம்னு உங்க மாமாவைக் கேளு" என்பாள். அவர் அவளுக்கு எதிரிலேயே மேசையில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். கிளிப்பிள்ளைக்காவது பழம் கிடைக்கும்.

அன்றைய கூத்துக்குக் காரணம் மாமாவின் அடையாள அட்டை, அதுவும் அக்காவால் வந்ததுதான். "அவருக்கு வர்ற லெட்டரையெல்லாம் நான் ஏன் வாங்கி வைக்கணும்? அட்ரஸை மாத்தச் சொல்லு" என்று ஒரு நாள் குதித்தாள். மாமா ஏமாற்றிவிடக் கூடாதென்று, அட்டையில் முகவரி மாற்றுகிற ஆபீசுக்கு என்னையே துணைக்கு அனுப்பினாள். நான் நகல் எடுக்க வெளியே போய்த் திரும்புவதற்குள் அவர் கவுன்டரில் காரியத்தை முடித்திருந்தார். புது அட்டை கைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். போட்டோ புதுசு, முகவரி பழசு. அக்கா வீட்டு முகவரி அப்படியே இருந்தது.

"என்ன மாமா இது?"

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

காரணம் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. "மாத்திட்டேன்னு சொல்லிடு" என்று அக்காவுக்கு என் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டு, தபால்காரரைப் பிடித்து, தன் பெயருக்கு வருவதையெல்லாம் கடையிலேயே போட்டுவிடச் சொன்னார். வீட்டுக்கு லெட்டர் வருவது நின்றதும், அட்ரஸ் மாறிவிட்டது என்று அக்கா நம்பிவிட்டாள். நம்பியவள் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தையல் மெஷினைப் போட்டு மிதி மிதியென்று மிதித்தாள். கேட்டது கிடைத்ததற்குக் கோபித்துக்கொள்கிற ஆளை என் அக்காவுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில்தான் அன்று காலை போய்க்கொண்டிருந்தோம். மேம்பாலம் தாண்டியதும் போலீஸ் தடுப்பு. முந்தின நாள் யாரோ வேனில் வந்து ஒரு கிடங்கில் கைவரிசை காட்டிவிட்டார்களாம், அதனால் வேன்களை மட்டும் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "அக்கா, பயப்படாதே. ஓட்டுறவங்க காட்டினா போதும். உட்கார்ந்து வர்றவங்க காட்டணும்னு கட்டாயம் இல்லை. எதுக்குன்னு காரணம் கேக்கலாம். போன்ல ஒரு வீடியோ பார்த்தேன்."

"உன் வீடியோவைத் தூக்கி உடைப்பில போடு" என்றாள் அக்கா. மாமா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை நான் கவனித்திருக்க வேண்டும்.

போலீஸ்காரர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கூட ஒரு இளவட்டப் போலீஸ், எழுதுவதற்கு. அக்கா லைசென்சை நீட்டினாள். பெரியவர் கண்ணாடியை இறக்கி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண், மாடி, தெரு என்று ஒன்று விடவில்லை. சின்னவர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கோழி வண்டிக்காரர் வரைக்கும் எங்கள் அக்கா வீட்டுக்கு வழி தெரிந்துபோனது.

"கூட வர்றவங்க அட்டை?"

சட்டம் பேசிய நான் முதல் ஆளாக நீட்டினேன். அதையும் படித்தார். பிறகு மாமாவிடம் கை நீட்டினார்.

மாமா எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். ஏணியில் கால் இடித்துக்கொண்டால் ஏணியிடம் மன்னிப்புக் கேட்கிறவர். அப்படிப்பட்டவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காட்டணும்னு கட்டாயம் இல்லை" என்றார்.

"என்ன சார்?"

"ஓட்டுறவங்க காட்டினா போதும். உட்கார்ந்து வர்றவங்க, எதுக்குன்னு காரணம் கேக்கலாம்."

"யார் சொன்னது?"

காட்டிக்கொடுக்கிற எண்ணம் மாமாவுக்கு இல்லை. அவர் கைதான் தானாகப் பின்பக்கம் திரும்பி என்னைக் காட்டியது. போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். நான் ட்ரில் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் போலீஸ்காரர் நல்ல மனிதர். "சார், ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் குடுத்துடறேன். அட்டை வச்சிருக்கீங்களா, இல்லையா?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"இருக்கு."

"எங்க?"

"சட்டைப் பையில."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். மாமாவுக்குப் பொய் வராது. வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு பொய்யையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிற ஆள்.

எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பின்கதவைத் திறந்து மூட்டையைப் பிரித்தார்கள். கம்பியைத் தட்டிப் பார்த்தார்கள். ட்ரில் மெஷினைப் பார்த்ததும் சின்னவர் முகம் பிரகாசமானது, கிடங்கின் பூட்டைத் துளைத்துத்தான் திறந்திருந்தார்களாம்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "டேய், உங்க மாமாவை அந்த அட்டையைக் காட்டச் சொல்லு. டாக்டர் காத்துக்கிட்டிருப்பாரு."

"மாமா, காட்டச் சொல்றா."

"முடியாதுன்னு சொல்லு."

"அக்கா, முடியாதாம்."

போலீஸ்காரர் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஏம்மா, இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"கடையில அளவெடுக்கிறவர்" என்றாள் அக்கா. "வீட்டுக்காரர்" என்றார் மாமா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. "சார், எதை எழுதறது?" என்று சின்னவர் கேட்டார்.

அக்கா என் சட்டையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "உண்மையைச் சொல்லு. கடை மாடி அட்ரஸ்னா அதுல மறைக்க என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அந்த அட்டையில வேற வீடு இருக்கா?" நான் விழித்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு வீடுடா?" என்றாள்.

அந்தக் கடைசிக் கேள்வியில் அவள் குரல் உடைந்துவிட்டது. நாற்பது மூட்டைத் துணியை ஒரு ஆளாக இறக்கி வைக்கிற அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். எனக்கு மனசே கேட்கவில்லை. சொல்லமாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மாமா, விஷயம் கை மீறிப் போச்சு. நீங்க வேற இடத்துல குடும்பம் வச்சிருக்கீங்கன்னு அக்கா நினைக்கிறா."

"நானா?" மாமாவுக்கு வாய் பிளந்துகொண்டது. "ஒரு குடும்பத்தையே எனக்குச் சரியா அளக்கத் தெரியலையேடா."

"அப்ப காட்டிடுங்க."

"காட்டினா சிரிப்பாடா. ஒரு வருஷமா பெரிய ரோஷக்காரன் மாதிரி மாடியில போய் உட்கார்ந்துட்டு, அட்ரஸை மட்டும் கெட்டியாப் பிடிச்சுட்டு இருந்திருக்கான் பாருன்னு சிரிப்பா. அதுக்கப்புறம் நான் கடைக்குள்ள எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?"

"காட்டலைன்னா அழுவா மாமா. அழுதுட்டுத்தான் இருக்கா."

மாமா வேனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தூசி விழுந்தது போல. அவர் அதற்கு மேல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேராகப் போலீஸ்காரரிடம் போய்ச் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"சார், தயவுசெஞ்சு சத்தமாப் படிக்காதீங்க."

பாவம், அந்தப் பெரியவருக்கு ஒரே மாதிரிதான் படிக்கத் தெரியும். பெயரைப் படித்தார், பிறந்த தேதியைப் படித்தார், கதவு எண்ணைப் படித்தார். மாடியைப் படித்தபோது குரல் தயங்கியது. தெருவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை இப்பத்தானே எழுதினோம்?"

"ஆமா சார்" என்றார் சின்னவர். "அந்தம்மாவோடது."

போலீஸ்காரர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் கூடுதலாக முறைத்தார். "ஒரே வீடு. இதுக்கா இத்தனை கூத்து? எடுத்துட்டுப் போங்கய்யா. வீட்டுச் சண்டையை வீட்டுலயே வச்சுக்கங்க, ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க."

அக்கா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. பத்து வருஷமாக ஓட்டுகிறவள், கிளட்சை மறந்துவிட்டாள். இரண்டாம் முறை கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும், "டேய், உங்க மாமாவை" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "மாத்திட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

என்னிடம் இல்லை. அவரிடம்.

மாமா பழக்க தோஷத்தில் திரும்பி என்னைப் பார்த்தார், நான் எடுத்துச் சொல்லுவேன் என்று. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இனி அவர் பாடு.

"மாத்தத்தான் போனேன்" என்றார் மாமா. "கவுன்டர்ல இருந்த பொண்ணு, நிரந்தர முகவரி எதுன்னு கேட்டுச்சு. கடை மாடின்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அக்கா சிரிக்கவில்லை. ஒரு லாரிக்கு வழி விட்டாள், அது போன பிறகும் மெதுவாகவே ஓட்டினாள்.

"அப்ப வீட்டுக்கு வர வேண்டியதுதானே."

"நீ கூப்பிடவே இல்லையே."

"சொந்த வீட்டுக்கு வர்ற ஆளை யாருங்க கூப்பிடுவாங்க?"

மாமா கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, அளவு நாடாவைத்தான் எடுத்தார். ஒரு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் உயரத்தையும் அகலத்தையும் சுமந்து திரிந்த எனக்கு, இந்த ஒரு கேள்வியைச் சுமக்க யாரும் கொடுக்கவில்லையே என்று கோபம் வந்தது.

அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தாள். "டாக்டர், மன்னிச்சுக்கங்க, சாயங்காலம் வந்து மாட்டிக் குடுத்துடறோம். இல்லை, துணியெல்லாம் ரெடி. எங்க வீட்டுல ஒரு வேலை இருக்கு." காய்ச்சலில்கூட வேலையைத் தள்ளிப்போடாத என் அக்காதான் இப்படிப் பேசினாள். போனை வைத்துவிட்டு வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

"எங்கக்கா போறோம்?"

"கடை மாடிக்கு. பெட்டியை எடுக்கணும்."

"வேலை முடிஞ்சு சாயங்காலம் எடுத்துக்கலாமே" என்றார் மாமா தயங்கித் தயங்கி.

"சாயங்காலத்துக்குள்ள மறுபடி ரோஷம் வந்துடும். உங்களுக்கோ எனக்கோ."

திரும்பிப் போகிற பக்கத்திலும் தடுப்பு போட்டிருந்தார்கள். வெயிலுக்காக நிழல் தேடி அதே பெரியவர் இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். எங்கள் வேனைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அவசர அவசரமாகக் கையை ஆட்டி, நிற்காமல் போகச் சொன்னார்.

மாமா கேட்கவில்லை. முழங்கை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி அட்டையைக் காட்டினார்.

"வேணாம் சார், போங்க, போங்க."

"பரவாயில்லை சார்" என்றார் மாமா. "சத்தமாவே படிங்க."