செராமிக் கட்சி

அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அடியில் நனைந்திருந்த விரிப்பை அவள் உருவிக்கொண்டிருந்தபோது தம்பி பெட்டியோடு அறை வாசலில் வந்து நின்றான். நேற்றிலிருந்து கண் திறக்காத மனிதர். எத்தனை முறை காதருகே குனிந்து "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டிருப்பாள். தம்பியின் குரல் கேட்டதும் இமை தானாகத் திறந்துகொண்டது.

"தொரை வந்தாச்சா?"

"வந்துட்டேன்ப்பா."

"இன்னும் செராமிக் கட்சிதானா?"

"அதுல மாத்தமே இல்லப்பா."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி எச்சில் வழிந்தது. துடைத்தது அவள்தான்.

அப்பா கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எப்போதோ ஒருமுறை பட்டறைக்கு வந்துபோனது. அதோடு சரி, மனிதர் அதன் அழகில் மயங்கிவிட்டார். கார் வாங்க வழியில்லை. அதன் டர்போக்களையாவது வைத்துக்கொள்வோம் என்று பழைய இரும்புக் கடைகளில் தேடித்தேடிச் சேர்த்து, கட்டிலுக்கு எதிரே அலமாரியில் அடுக்கிவிட்டார். எஞ்சின் கக்கும் புகையில் ஒரு சக்கரம் சுழன்று, அந்த எஞ்சினுக்குள்ளேயே காற்றைத் திணிக்கும். டர்போ என்பது அவ்வளவுதான். அந்தக் காருக்குக் கம்பெனியே இரண்டு டர்போ பொருத்தி அனுப்பியது. கம்பெனி தன் சொந்த நாட்டிலேயே விற்ற காருக்கு செராமிக் சக்கரம், வெளிநாட்டுக்கு அனுப்பிய காருக்கு ஸ்டீல் சக்கரம். செராமிக் எடை குறைவு, மிதித்ததும் சுழலும், அழுத்தத்தைக் கூட்டினால் உடைந்துவிடும். ஸ்டீல் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் அடி தாங்கும். அலமாரியில் இரண்டிலும் ஒவ்வொரு ஜோடி இருந்தது.

அப்பா ஸ்டீல் கட்சி. தம்பி செராமிக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் இரண்டு பேரும் இதையே பேசிச் சண்டை போடுவார்கள். போனை அப்பாவின் காதில் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. தம்பி ஆபீசுக்கு ரயிலில் போகிறவன், ஒரு வண்டியை ஒழுங்காகப் பின்னால் எடுக்கத் தெரியாது. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிச் சம்பாதிக்கிறாள், ஆயில் மாற்றுவதுகூட அவளேதான். அலமாரியில் இருக்கும் டர்போக்களுக்கு வாராவாரம் தூசி துடைத்து, தண்டில் ஒரு சொட்டு ஆயில் விடுவதும் அவள்தான். நீ எந்தக் கட்சி என்று அவளை யாரும் கேட்டதில்லை. அப்பா அவளிடம் கேட்டதெல்லாம் தண்ணீர், மாத்திரை, ஜன்னல்.

பொறாமை என்று ஒரு வார்த்தை இருக்கும்போது வேறு வார்த்தை எதற்கு? அவளுக்குப் பொறாமைதான்.

"அக்கா, நீ ட்ரிப்புக்குப் போறதுன்னா போ. நான் பாத்துக்கறேன்," என்றான் தம்பி, கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"வேற டிரைவர்கிட்ட சொல்லியாச்சு."

"இல்ல, சும்மா சொன்னேன். நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்ல."

வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் ரெஸ்ட் கொடுக்க வந்துவிட்டார் பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டே விரிப்பை அலசப் போனாள்.

மதியம் தம்பிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே தெருப் பக்கம் போனான். அவள் அவன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே அபூர்வம். நின்று வேலை செய்யத்தான் நேரம் இருந்தது.

அப்பாவின் தலை நாற்காலி பக்கம் திரும்பியது. கண்ணில் பார்வை நிற்கவில்லை.

"தொரை."

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தம்பி இன்னும் தெருவில் போனில்தான் இருந்தான்.

"டேய் தொரை. செராமிக், செராமிக்ங்கறியே. ஏன்னு ஒருநாள் ஒழுங்கா சொல்லேன்டா."

நான்ப்பா, அவன் வெளியே போயிருக்கான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தூக்கமில்லாமல் கட்டிப்போயிருந்த தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எடுத்து நிறுத்தி, எடுத்து நிறுத்தி ஓட்டுறவங்களுக்கு ஸ்டீல் எதுக்குப்பா? அது எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த சிக்னல் வந்துடும். உடையும் உடையும்ங்கறீங்க. கம்பெனி சொன்ன அழுத்தத்துல ஓட்டுனா அது ஏன் உடையப்போகுது? பேராசைப்பட்டு ஏத்துறவன் கையிலதான் உடையும். அதுக்கு செராமிக் என்ன பண்ணும்?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் குனிந்தபோது, உதடு ஒரு பக்கமாக விரிந்தது.

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்டா நீ உருப்படியா பேசியிருக்க." மூச்சு வாங்கியது. "சரி. நீ ஜெயிச்சிட்ட. வச்சிக்கோ."

கையைத் தேடினார். கொடுத்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையை அவர் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தடவவில்லை, சும்மா பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. இன்னொரு மூச்சு வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

தம்பி ஓடிவந்து கட்டிலில் விழுந்து அழுதான். நடிப்பு இல்லை, பாவம், நிஜமாகவே அழுதான்.

"என்னையக் கேட்டாராக்கா? ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு."

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வாடகை நாற்காலிகளும் போன பிறகு தம்பி அலமாரி முன்னால் நின்றான்.

"அக்கா, செராமிக் ஜோடிய நான் எடுத்துக்கவா? அப்பா ஞாபகமா இருக்கட்டும்."

"ஸ்டீல எடுத்துக்கோ. அப்பாவோட கட்சி அதுதானே."

அவன் கண் உடனே கலங்கியது. "கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லல்ல?"

"இல்ல."

"பிடிவாதக்காரர்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். அப்பாவின் துண்டில் ஸ்டீல் ஜோடியைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவள் வேனிலேயே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி போட்டபடியே கிடந்தது. ஆயில் டப்பாவை எடுத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். மடியில் செராமிக் டர்போ ஒன்றை வைத்து, தண்டில் ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை விரல் நுனியால் தட்டினாள்.

தொட்டதும் சுழன்றது. நிற்கப்போகும் நேரத்தில் இன்னொரு முறை தட்டினாள்.