ஏழாவது ஊரின் முத்திரை

மலைகளை வெல்வதற்கென்றே மனிதன் பிறந்தான். மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கத்தின் சுவரில் இந்த வாக்கியம் தங்க எழுத்துகளில் இரண்டடி உயரத்துக்கு மின்னியது. அதன் கீழே 'மலை வென்றோர்' என்று தலைப்பிட்ட பெரிய மரப்பலகை. பலகையில் பெயர் எதுவும் இல்லை. சங்கம் தொடங்கி நான்கு வருடமாகியும் பதினோரு உறுப்பினர்களில் ஒருவர்கூட மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சங்க அறை மாடியில் இருந்ததால், படியேறி வருவதே போதுமான பயிற்சி என்று எல்லோரும் ஒருமனதாக நம்பினார்கள்.

சங்கத்தின் செயலாளர் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். ஊருக்கே அவர் சீல்காரர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வங்கி என்று எங்கே முத்திரை விழுந்தாலும் அது அவருடைய எட்டுக்கு ஆறு கடையில் பிறந்ததாகத்தான் இருக்கும். சங்கத் தலைவர் அவருக்குச் சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் போலி முத்திரைகளைப் பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய பூதக்கண்ணாடி இன்னும் பணியில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் "வந்துடறேன்" என்பார்.

மலைமேல் ஏழு பழைய ஊர்கள் இருந்தன. கல்மதில், கல்தெரு, கல்வீடு என்று அறுநூறு வருடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். மிதிவண்டியில் வருகிறவர்கள் அட்டையில் பதித்துக்கொள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு முத்திரையைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஏழும் பதித்த அட்டையைக் கொண்டுவருகிற உறுப்பினரின் பெயர் பலகையில் ஏறும். இதற்கான விதிகளை எழுதியவர் சீல்காரரேதான். புகைப்படம் செல்லாது. குடும்பத்தார் சாட்சி செல்லாது. ஊர்க்காரர் வாய்மொழியும் செல்லாது. முத்திரை ஒன்றே சாட்சி. தன் தொழில்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு மாதக் கூட்டத்தில் சீல்காரர் எழுந்து, தொண்டையைச் செருமி, தானே போகப்போவதாக அறிவித்தார். யாரும் கைதட்டுவதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு சகலை இந்த வீண் அலைச்சல்? கடையில உட்கார்ந்த இடத்துலயே ஏழு ஊரையும் சுத்திட்டு வந்துடுவீங்களே!"

அறையே குலுங்கிச் சிரித்தது. டீ கொடுக்க வந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து சீல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பலகையில் பெயர் ஏறினால் மட்டும் போதாது, அந்தச் சிரிப்பு அதே அறையில் அடங்க வேண்டும்.

புறப்பட்ட காலையில் அவர் இருந்த கோலம் கண்கொள்ளாக் காட்சி. தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டை, இருபத்தொரு கியர் வண்டி. கூட வந்த மனைவி தபால்காரம்மா. பதினெட்டு வருடமாகக் கடிதப் பையோடு தினமும் இருபத்தைந்து கிலோமீட்டர் மிதிக்கிறவர். அதே தபால் வண்டி, முன்னால் அதே கூடை, மூன்றே கியர்.

"இந்த வண்டியிலயா வரப்போறே? இது மலை, உன்னோட தபால் தெரு இல்ல."

"மலைக்கு அது தெரியாதுங்க. நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்."

முதல் ஏற்றத்திலேயே தபால்காரம்மா மெதுவாக வந்து மெதுவாகத் தாண்டிப் போய்விட்டார்.

சீல்காரருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. காலில் ஏதோ புது ரத்தம் ஓடியது. ஒரு வளைவு திரும்பினால் பள்ளத்தாக்கு விரிந்தது. அடுத்த வளைவில் மேகம் சாலைக்குக் கீழே கிடந்தது! முதல் ஊரின் கோட்டை வாசலில், அறுநூறு வருடமாக வண்டிச் சக்கரங்கள் கல்லில் அறுத்த தடத்துக்குள் தன் டயரை ஓட்டிப் பார்த்தார். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. "பாரு, பாரு!" என்று கத்தினார். பார்க்க வேண்டியவர் அரை கிலோமீட்டர் முன்னால் இருந்தார். மூன்றாவது ஊரின் தெருக்கள் கைப்பிடி இரண்டு சுவரிலும் உரசுகிற அளவுக்கு ஒடுங்கியிருந்தன. ஒரு மாடி ஜன்னலிலிருந்து யாரோ தண்ணீர் கொட்ட, அது அவர்மேல்தான் விழுந்தது. வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஒரே இறக்கம். காற்று காதுக்குள் கூவியது. பாறை, மதில், ஆட்டு மந்தை, ஐந்து வளைவுக் கல்பாலம் எல்லாம் பின்னால் பறந்தன. ஐம்பத்திரண்டு வயதில் சீல்காரர் வாயைத் திறந்து "ஓ!" என்று ஊளையிட்டார். ஒரு பூச்சி உள்ளே போயிற்று. விழுங்கிவிட்டு மறுபடியும் ஊளையிட்டார்.

ஒவ்வோர் ஊரிலும் முத்திரையைக் கையில் எடுத்ததும் மட்டும் அவர் முகம் மாறும்.

"பார்டர் சரிஞ்சிருக்கு பார். எந்தப் படுபாவி வெட்டினான் இதை?"

"சீலை அடிச்சிட்டு வாங்க. பொண்ணு பார்க்கவா வந்திருக்கோம்?"

இரண்டாம் நாள் மதியம் அட்டையில் ஆறு முத்திரைகள் இருந்தன. ஏழாவது ஊர் உச்சியில், ஒரு காவல் கோபுரத்தின் அடியில். கோபுரக் கதவை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். அவர்கள் அடிவாரத்துக்கு வந்தபோது மணி மூன்றே கால். நடுவே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

நான்காவது வளைவில் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். ஆறாவதில் கறுப்புக் கண்ணாடி பைக்குள் போயிற்று. ஒன்பதாவதில் சங்கிலி கழன்று தொங்கியது. இருபத்தொரு கியரில் எதிலும் மாட்டாமல் அது அடம்பிடிக்க, தபால்காரம்மா கீழே திரும்பி வந்து, ஒரு குச்சியால் நெம்பி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார். 'டக்' என்று உட்கார்ந்தது.

"இறங்கித் தள்ளிக்கிட்டு வாங்களேன். யார் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல!" என்றார் சீல்காரர். வாழ்நாளில் அவர் சொன்ன மிகப் பெரிய வாக்கியம் அதுதான். சொல்லி முடிக்க மூச்சு இல்லாததால் இரண்டு தவணையாகச் சொன்னார்.

பன்னிரண்டு. தொடை தீப்பற்றி எரிந்தது. பதிமூன்று. மேலே கோபுரம் தெரிந்தது. பதினான்காவது வளைவில் எழுந்து நின்று மிதித்தார். கல்வாசலுக்குள் சக்கரம் தடதடவென்று நுழைந்தபோது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஒரு காலையும் தரையில் ஊன்றாமல் உச்சிக்கு வந்துவிட்டார்! சங்கிலி கழன்ற இடம் கணக்கில் சேராது. அவர் எழுதிய விதியில் அதற்கும் ஓர் உட்பிரிவு இருந்தது.

கோபுரத்துக் காவல்கார அம்மா சாவிக்கொத்தோடு எழுந்து நின்றிருந்தார். தபால்காரம்மா தன் அட்டையில் முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்தார். சீல்காரர் அந்த அட்டையை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"என்ன இது? கோபுரம் கத்தரிக்காய் மாதிரி இருக்கு!"

முத்திரையைத் திருப்பினார். பல வருட மை எழுத்துகளின் இடுக்கெல்லாம் அடைத்து இறுகியிருந்தது. ஒரு பக்க விளிம்பு பிசிறாகத் தொங்கியது.

"என்னங்க, வேண்டாம். அப்படியே அடிங்க."

"ரெண்டே நிமிஷம்."

சட்டைப்பையிலிருந்து குட்டிப் பிளேடும் பல்துலக்கும் பிரஷும் வெளியே வந்தன. மலைக்கு வந்தாலும் அவற்றை விட்டுவிட்டு வருகிறவர் அல்ல அவர். இடுக்கைச் சுரண்டினார், விளிம்பைச் சீவினார், கோபுரத்தின் இரண்டு ஜன்னல்களையும் தோண்டித் திறந்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையில் அழுத்தினார். கோபுரம் கம்பீரமாக எழுந்து நின்றது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அடடா, நம்ம கோபுரமா இது? ஜன்னல் இருக்கிறதே இப்பத்தான் தெரியுது" என்றார் காவல்கார அம்மா.

இறங்கும் வழியெல்லாம் சீல்காரர் பாடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மாலை சங்கம் நிரம்பி வழிந்தது. பெயின்டர் பிரஷோடு பலகைக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். சகலை அட்டையை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு தாண்டியது. ஏழாவதில் கண்ணாடி நின்றது.

"கொழுந்தியா, உன் அட்டையைக் கொஞ்சம் குடும்மா."

தபால்காரம்மா உறுப்பினர் அல்ல, பலகை அவருக்கு இல்லை. ஆனாலும் கொடுத்தார். சகலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கத்தரிக்காய், ஒன்றில் கோபுரம்.

"ஒரே நாளு, ஒரே ஊரு, ஒரே சீலு. இது அங்க அடிச்சது. இது யாரோ கைதேர்ந்தவன் செஞ்சது. சகலை, தப்பா நினைக்காதீங்க... வேலை ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினையே."

"நான்தான் அதைச் சுத்தம் பண்ணினேன்! பிளேடால! அங்கேயே!"

"மாமா, சத்தியமா என் கண்ணு முன்னாலதான்" என்றார் தபால்காரம்மா.

"குடும்பத்தார் சாட்சி செல்லாதும்மா. உன் வீட்டுக்காரர் எழுதின விதிதான்."

"அப்ப நீங்களே போய்ப் பாருங்க சகலை! கோபுரத்துக்கு ரெண்டு ஜன்னலும் அங்க இருக்கு!"

போய்ப் பார்ப்பதென்றால் பதினான்கு வளைவு. பத்து உறுப்பினர்களும் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சகலை அட்டையின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். டீ கொடுக்க வந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் சீல்காரர் புது அட்டையோடு வந்தார். மறுபடியும் போய் வந்ததாகச் சொன்னார். சகலை ஏழு முத்திரைகளையும் அரை மணி நேரம் ஆராய்ந்தார். சரிந்த பார்டர் சரிந்த இடத்தில் இருந்தது, அடைத்த எழுத்து அடைத்திருந்தது, உச்சியில் கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருந்தது.

"இது அசல்! முப்பது வருஷம் பார்த்த கண்ணு சொல்லுது, இது அசல்!" என்று சகலை எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. பெயின்டர் பெயரை எழுதினார்.

அட்டை இப்போது பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதிலுள்ள ஏழு முத்திரைகளையும் சீல்காரர் மனைவியின் அட்டையைப் பார்த்து, கடையில் உட்கார்ந்த இடத்திலேயே செய்தார்.