அச்சங்குளம் விலக்கில் நின்ற விமானம்

தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம் ஐந்நூறு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த மாலை விமானத்துக்குப் போன ஆடியிலிருந்து இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆகத் தொடங்கியது. நடுவில் முப்பத்தைந்து நிமிடம் அது ஊருக்குச் சாலை பிரியும் அச்சங்குளம் விலக்குக்கு மேலே, பனை உயரத்தில், அசையாமல் நின்றது. நிறுத்தியவள் முருகேஸ்வரி.

அந்த ஆடியில் வெள்ளைத்துரையின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் ஏழு பேரை உட்காரவைத்திருந்தார்கள். பதிவேட்டில் நாலு பேர். மிச்ச மூவரில் ஒருத்தி முருகேஸ்வரியின் மகள் பானுப்பிரியா, வயது பத்தொன்பது. கணக்கில் இல்லாதவர்களை எப்படி ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றுவது என்று கேட்டைப் பூட்டிக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் யோசித்தார்கள், பாவிகள். அதற்குள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் போர்மேன் நாகையா வந்து, "ஒங்க மக அன்னிக்கு வேலைக்கே வரல. வீட்டு கேஸ் அடுப்புல பத்திக்கிட்டான்னு எழுதியாச்சு, ஒத்துக்கிடுங்க" என்றான். முருகேஸ்வரி கீறல்கூட விழாத அந்த அடுப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். "இந்த அடுப்பா எம் மகளக் கொன்னுச்சு? நல்லாப் பாருங்க" என்று மேசைமேல் வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். எழுதியதை யாரும் மாற்றவில்லை.

அன்று மாலை விமானத்தில் முதலாளி பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான் என்ற சேதி விலக்கில் கிடைத்தது. தலைக்கு மேல் சத்தம் கேட்டதும், பதினாறு வருஷமாக வேலைக்குப் போகக் கம்பெனி வேனுக்கு நீட்டிய பழக்கத்தில் அவள் கை தானாக நீண்டது. விமானம் நின்றது. பைலட் ஜன்னலைத் திறந்து, "ஏறணுமாம்மா?" என்றார்.

"ஏற வரல. உள்ள இருக்கானே வெள்ளைத்துரை, அந்த ரூம்புல எம்புட்டுப் பேரு இருந்தாகன்னு கேட்டுச் சொல்லுங்க."

பைலட் உள்ளே போய்வந்தார். "நாலு பேராம்."

"அப்ப நில்லுங்க."

மறுநாளும் கை நீட்டினாள், மறுநாளும் நின்றது. ராஜபாளையம் வழியாகத் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள்; அப்படியும் அச்சங்குளத்துக்கே வந்தது. பயணிகளுக்குப் பழகிவிட்டது. கயிற்றில் கூடை இறக்கிச் சாத்தூர் சேவு வாங்கித் தின்றார்கள். வெள்ளைத்துரை பதினொரு தடவை அதே விமானத்தில் போனான். பதினொரு தடவையும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நாலு என்றான். ஆனால் தாமதத்துக்குத் தினமும் காரணம் எழுதியாக வேண்டும். மழையும் இல்லை, இன்ஜின் கோளாறும் இல்லை. பொய் எழுதி அலுத்துப்போன பைலட் தை மாதத்தில் முருகேஸ்வரியிடம் கேட்டு உள்ளதை எழுதினார்: பானுப்பிரியா, ஏழு பேரில் ஒருத்தி. கம்பெனிப் பதிவேட்டில் ஏறாத பெயர் விமானக் கால அட்டவணையில் அச்சாகிவிட்டது.

பைலட் அதைக் குனிந்து காட்டினார். முருகேஸ்வரி வாசித்தாள். கோபம் இம்மியும் இறங்கவில்லை. "மிச்ச ரெண்டு பேர எப்ப எழுதுவீக?" என்றாள்.

அடுத்த மாலை, அந்த இரண்டு பேரில் சோலையம்மாளின் புருஷன் சுடலையும் கற்பகத்தின் தாயும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினார்கள். இப்போது அட்டவணையில் மூன்று பெயர் இருக்கிறது. பெயருக்கு முப்பத்தைந்து நிமிடமாக, பெங்களூருக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகிறது. தூரம் அதே ஐந்நூறு கிலோமீட்டர்தான்.