குப்புறக் கிடந்த கைக்கடிகாரம்

மூன்றாவது டேக்கிலும் பயம் வரவில்லை. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அவரும் என்னதான் செய்யவில்லை, பாவம்! சிவப்பு பல்பு போட்டார், பசையை இழுத்து இழுத்து ஒட்டடை கட்ட வைத்தார், திரைச்சீலைக்குப் பின்னால் மின்விசிறியை ஓடவிட்டார். போதாததற்கு உடைந்த கண்ணாடி, சுவரில் ரத்தக் கை, மேஜை மேல் முழ நீளத்துக்கு ஒரு கத்தி. கதைப்படி, வேலை முடிந்து வீடு திரும்பும் மனைவி கதவைத் திறக்கிறாள். கணவன் உள்ளே காத்திருக்கிறான் என்பது அவன் முகத்தைக் காட்டாமலே பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நடிகையோ ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"பொருட்காட்சியில டிக்கெட் வாங்கிட்டுப் போற பேய் வீடு மாதிரி இருக்கு சார்," என்றார் ஏணி மேலிருந்த லைட் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் முறைத்த முறைப்பில் ஏணியே கொஞ்சம் ஆடியிருக்கும்.

சாமானக்கா ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு வேண்டிய நாற்காலியிலிருந்து தீப்பெட்டி வரை தேடிக் கொண்டுவந்து, வெறும் பலகைச் சுவர்களுக்கு நடுவே ஒரு வீட்டை உண்டாக்குவது அவள் வேலை. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவளுக்கு எதிரே ஒரு அறை அப்படிக் கெட்டுக் கிடந்தால் கை சும்மா இருக்குமா?

"சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க. எல்லாரும் வெளிய போங்க," என்றாள்.

ஒட்டடையையும் சுவரிலிருந்த ரத்தக் கையையும் துடைத்தாள். கத்தியையும் கண்ணாடியையும் மூட்டை கட்டினாள். சிவப்பு பல்பைக் கழற்றி, சாதாரண வெள்ளை விளக்கைச் சமையலறைப் பக்கம் மட்டும் போட்டாள். கூடத்துக்கு அந்த வெளிச்சத்தின் விளிம்பு மட்டும் வந்தது. செருப்புகளை முனை சுவரைத் தொடும்படி ஒரே வரிசையில் வைத்தாள். தண்ணீர்ச் சொம்பைத் தட்டால் மூடினாள். சோபாவை ஒதுக்கிவிட்டு, ஒரேயொரு மர நாற்காலியை வாசலுக்கு நேர் எதிரே போட்டாள். கடைசியாக, பக்கத்து மேஜையில் ஒரு ஆண்பிள்ளைக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்ததுபோல வைத்தாள். அதன் முகத்தில் வெளிச்சம் மின்ன வேண்டும் என்று கேமராமேன் கேட்டதால் மல்லாத்தி வைத்தாள். வழக்கம்போல எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மறுநாளும் இதே அறை, இம்மி பிசகாமல் இதே மாதிரி இருக்க வேண்டுமே.

நடிகை கதவைத் திறந்தாள். ஒரு அடி வைத்தாள். அப்புறம் வைக்கவில்லை. "யாரோ உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தாள்.  டைரக்டர் ஓடி வந்து சாமானக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்படிக்கா?"

எப்படியென்று சொல்வது? ஏழு வருஷம் இதே மாதிரி ஒரு அறைக்குள் தினமும் நுழைந்திருக்கிறாள். செருப்பின் முனை சுவரைத் தொடாவிட்டால் குற்றம், சொம்பு திறந்திருந்தால் குற்றம். புருஷன் கத்தமாட்டான். வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். கையில் கடிகாரம் இருந்தால் அன்றைக்குப் பேச்சோடு போகும். கழற்றி மேஜையில் வைத்திருந்தால் அடி. மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நான்கு வருஷம் ஆகிறது. ஊர் மாறி, நம்பர் மாறி, பெயர் மாறி, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படத்தில்கூட மகள் முகம் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு, போனில் இருந்த படத்தை வைத்து அறையைச் சரிபார்த்தாள். செருப்பு சரி. சொம்பு சரி. நாற்காலி சரி. கைக்கடிகாரம் குப்புறக் கிடந்தது.

குனிந்து பார்த்தாள். ஆமாம், அவன் குப்புறத்தான் வைப்பான். கண்ணாடியில் கீறல் விழும் என்று ஊரே சொன்னாலும் கேட்கமாட்டான். இத்தனை வருஷத்தில் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"இதை யாரு தொட்டது?" அவள் போட்ட சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நான்தான்கா, கோச்சுக்காதீங்க," என்று டைரக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "நேத்து இந்த ரூமை போட்டோ எடுத்து நம்ம படத்தோட ஃபேஸ்புக் பக்கத்துல போட்டோம். பிச்சுக்கிட்டுப் போகுது! அதுல ஒருத்தர் எழுதியிருந்தாரு பாருங்க, அசந்துட்டேன்." போனை நீட்டினார்.

எல்லாம் சரி, வாட்ச் மட்டும் தப்பு, குப்புற இருக்கணும் என்று எழுதியிருந்தது. எழுதியவன் பெயருக்குப் பதில் வெறும் ஒரு புள்ளி.

"மல்லாத்தி வெச்சா அது வெறும் வாட்ச். குப்புற வெச்சா நேரத்தையே மறைக்கிறான்ல? அடடா! நானே அவருக்கு மெசேஜ் போட்டேன். ரசனையான மனுஷன்."

"வேற என்ன கேட்டாரு?"

"இந்த ரூமை யாரு ரெடி பண்ணதுன்னாரு. நம்ம அக்காதான்னு பெருமையா சொன்னேன். ஷூட்டிங் பாக்கணும்னாரு. பதினோரு மணிக்கு வாங்கன்னு இடத்தை அனுப்பிட்டேன்."

அவள் போனை அவர் கையிலேயே திணித்தாள். சாமான் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்து நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தினாள். யாரும் வரவில்லை, பிள்ளை வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். "யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. அப்பான்னு சொன்னாலும் அனுப்பாதீங்க. நானே நேர்ல வந்தாத்தான்," என்றாள்.  இப்போதே பின்வாசல் வழியாகக் கிளம்பினால், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஏறிவிடலாம்தான். ஆனால் போன வாரம் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே மகள் கேட்டாள்: "இந்த ஸ்கூல்லயாவது முழுப் பரீட்சை எழுதலாமாம்மா?" எழுதலாம் என்று சொல்லியிருந்தாள்.

வயர் எடுக்க வந்த லைட் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி..."

அவள் சொன்னாள். நான்கு வருஷமாக ஒரு ஈ காக்காய்க்கும் சொல்லாததை, உடைந்த சோபாக்களுக்கு நடுவே நின்று நான்கே வாக்கியத்தில் சொன்னாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனுஷர், கையிலெடுத்த வயரைக் கீழே வைத்தார்.

"இங்கயே இருங்க. வெளிய பூட்டிட்டு, அப்படி யாரும் வேலை பாக்கலன்னு சொல்லிடறேன்."

"வேணாம்ணா. கதவுக்குப் பின்னாடி உக்காந்து காலடிச் சத்தத்தை எண்ணினதெல்லாம் போதும். இன்னிக்கு ஒளிஞ்சா, நாளைக்கு எம்பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பான்."

வெளியே வந்தாள். கேட் வரை நூறு அடி இருக்கும்.  இரண்டு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். காவல்காரர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. மணி பத்து ஐம்பது.

கொஞ்ச நேரத்தில் லைட் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "போலீசுக்குச் சொல்லியாச்சு. வர அரை மணி ஆகுமாம்," என்றார். தச்சு வேலைக்காரர் இருவர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். மேக்கப் போடுகிறவள் வந்தாள். பாதி வேஷத்தோடு நடிகை வந்து, ஒன்றும் கேட்காமல், சாமானக்காவின் விரல்களைக் கோத்துக்கொண்டாள். கடைசியில் டைரக்டர் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா," என்றார். எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, அவளுக்கு மறுபக்கம் போய் நின்றார்.

தெரு முனையில் ஒரு கார் திரும்பியது. அவசரமே இல்லாமல், வீட்டு எண்களைப் படித்துக்கொண்டே வருவது மாதிரி வந்தது. முப்பது அடி தள்ளி நின்றது. இஞ்சின் அணையவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பவன் தெரியவில்லை. அதில் தெரிந்தது அவர்கள்தான்: வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஏழெட்டுப் பேர், கேட்டை அடைத்தாற்போல, குட்டிக் குட்டியாக. அவர்களுக்கு நடுவே ஒரு பொம்பளை. அது தான்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

காரின் கதவு திறந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.