குளிராத சொட்டு

விருத்தாம்பாளுக்குக் கண்கள் பிதுங்க ஆரம்பித்தபோது, ஊர் அதை முறைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டது. அண்ணாமலை நகரில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில், விண்ணப்பம் கொண்டுவரும் மாணவர்கள் அவள் மேசைக்கு வரப் பயந்து பக்கத்து மேசையில் வரிசை கட்டினார்கள். முறைக்கவில்லையப்பா, தைராய்டு என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது? விட்டுவிட்டாள். வேலை கொஞ்சம் குறைந்ததே, அதுவரை லாபம்.

கடலூரில் கண் டாக்டரிடம் காட்டியபோதுதான் பயம் பிடித்தது. கண்ணுக்குப் பின்னாலிருக்கும் தசைகள் வீங்கிக் கண்ணை நெருக்குகின்றன, அதனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றார் டாக்டரம்மா. நேரே பார்க்கும்போதே ஜாஸ்தி, மேலே பார்த்தால் இன்னும் ஜாஸ்தியாம். கவனிக்காமல் விட்டால் நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து போகத் தொடங்கும். போனது திரும்பாது. இரண்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று கண் காயாமலிருக்க. இன்னொன்று அழுத்தம் குறைய. அதை ஃப்ரிட்ஜில் வைத்து ராத்திரி ஒரு சொட்டு விட வேண்டும்.

விருத்தாம்பாளுக்குக் கை நடுக்கம். தானே விட்டுக்கொண்டால் மருந்து கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. கணவர் மணவாளனுக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. ஞாயிறுக்கு ஞாயிறு வந்து போகிறவர். ஆகவே அந்தப் பொறுப்பைத் தங்கை ப்ரீத்தி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் எவ்வளவு வயசு வித்தியாசம் என்பது பெயர்களைக் கேட்டாலே தெரியும். அம்மா இறந்தபின் அக்கா வீட்டிலேயே வளர்ந்தவள். தினமும் சாப்பாடு முடிந்ததும் அக்காவின் தலையை மடியில் வாங்கி, இமையை விரலால் விரித்து, சொட்டு விடுவாள்.

முதல் மாதம் சொட்டு ஜில்லென்று விழுந்தது. அப்புறம் குளிரவில்லை. ஏன் என்று கேட்டாள்.

"சில்லுன்னு பட்டா ஒடம்ப ஒதறிக்கிறல்லக்கா. அதான் முன்னாடியே எடுத்து வெளிய வெச்சிடுறேன்."

விருத்தாம்பாள் உருகிப்போனாள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்று அந்த ஞாயிறு மணவாளனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மடியில் படுத்தால் தங்கையின் முகம்தான் தலைகீழாகத் தெரியும். தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். நாளுக்கு நாள் அந்த முகத்துக்கு ஒரு களை கூடியது, முக்கியமாகக் கண்ணுக்கு. இமை முடி கருகருவென்று நீண்டு வளர்ந்திருந்தது.

"என்னாடி தடவுற?"

"வெளக்கெண்ணெக்கா."

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, தங்கையின் கண்ணையும் ஒரு தரம் உற்றுப் பார்த்திருந்தாள். அது விருத்தாம்பாளின் மனசில் முள்ளாகத் தைத்துக்கிடந்தது. இவளுக்காவது கண் லட்சணமாக இருக்கட்டும் என்று சந்தோஷப்பட்டாள். தெருவில் இரண்டு பேருக்கு விளக்கெண்ணெய் சிபாரிசு வேறு செய்தாள்.

கார்த்திகையில் மறுபடி கடலூருக்குப் போனார்கள். டாக்டரம்மா ஒரு முறை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

"மருந்து போடுறீங்களா, இல்லியா?"

"ஒரு நாள் விடாம போடுறேன் டாக்டர்."

"போட்டா இப்படி ஏறாதும்மா. மொத மாசம் நல்லா எறங்குச்சு. இப்ப எடது கண்ணுல ஓரப் பார்வை போயிருக்கு. அத இனிமே யாராலயும் கொண்டார முடியாது."

விருத்தாம்பாள் சத்தியம் செய்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏம்மா மறைக்கிறீங்க? இந்த மருந்து போட்டா இமை முடி நீளமா, கறுப்பா வளரும். அழகுக்குன்னே சில பேரு வாங்கித் தடவுறாங்க. ஒங்களுக்கு எங்க வளந்திருக்கு, காட்டுங்க."

ப்ரீத்தி இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க விருத்தாம்பாள் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இமை முடியின் நிழல் கன்னத்தில் விழுந்திருந்தது.

அப்படியென்றால் இத்தனை மாதமாக ராத்திரி கண்ணில் விழுந்தது, கண் காயாமலிருக்கக் கொடுத்த அந்த இன்னொரு மருந்து. அது எப்போதுமே வெளியில் இருப்பதுதான். குளிர்வதற்கு என்ன இருக்கிறது? இவள் அதை அன்பு என்று நினைத்து உருகியிருக்கிறாள். திருட்டு கண்ணுக்கு நேரே, ஒரு சாண் உயரத்தில் நடந்திருக்கிறது. தினமும் அண்ணாந்து பார்த்து, அழகாயிருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் டாக்டரிடம் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

"தப்புதான் டாக்டர். இனிமே ஒழுங்கா போடுறேன்" என்றாள்.

ஊர் திரும்பும் சிதம்பரம் பஸ்ஸில் ப்ரீத்தி ஜன்னலோரம், அக்காவுக்கு இடது பக்கமாக உட்கார்ந்தாள். புது மருந்துப் புட்டியை விருத்தாம்பாள் கைப்பைக்குள் வைத்து, பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும், வந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது இவளை மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தாள். அது பொய்யாக இருந்தால்கூடப் போதும் போலிருந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் ப்ரீத்தி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா."

"ம்."

"திடீர்னு நிறுத்திட்டா கொட்டிப் பூடுமா? கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே."

கழுத்தைத் திருப்பினால்தான் தங்கை தெரிவாள். விருத்தாம்பாள் திருப்பவில்லை.