கிரிவலக் கரையில் ஒரு தனிப்படகு

திருவண்ணாமலைக்குக் கடல் வந்தது தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆவணி மாதம், நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் காடுகளில் களைவெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். அன்று விடியற்காலை கிரிவலம் போனவர்கள், பாதையின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்பதையும் அது அலையடிப்பதையும் பார்த்தார்கள். ஏதோ ஏரி உடைத்துக்கொண்டது என்று நினைத்த ஒருவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். உப்பு. மலையைச் சுற்றிலும் பாதையை ஒட்டியே வந்துவிட்ட கடல், ஊர்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் மரியாதை காட்டி, கடைவீதி, லாட்ஜுகள், பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயில்வே லைனுக்கு அந்தாண்டை நின்றுகொண்டது. முதல் வாரம் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து அளந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் சுண்டல் விற்கிறவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. தீபத்துக்கு வரும் கூட்டத்தையே வருஷா வருஷம் சமாளிக்கிற ஊருக்குக் கடல் ஒரு பாரமா என்ன?

கடலுக்கு அடியில் போன ஊர்களுக்கும் ஒரு குறையும் வரவில்லை. கீழ்பென்னாத்தூரில் நின்று பார்த்தால் கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே வெயில் வெயிலாகவும் நெல் நெல்லாகவும் இருந்தன. டவுனுக்குப் போகிற பஸ் பாதி வழியில் தண்ணீருக்குள்ளிருந்து மேலே ஏறும். அந்த இடம் வந்ததும் கண்டக்டர், "ஷட்டர இறக்குங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். தூங்கிக்கொண்டு வந்தவர்கள் மட்டும் தோள்பட்டை ஈரத்தோடு இறங்குவார்கள். கீழ்பென்னாத்தூர் ஜோதியம்மாள் உரம் வாங்கவும் மல்லாட்டை மூட்டை போடவும் அந்தப் பஸ்ஸில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறாள். கடலை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

கடலால் உண்மையில் சிரமப்பட்டவர்கள் சாமியார்கள்தான். கிரிவலப் பாதையில் எமலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வயசான சாமி உட்கார்ந்திருப்பார். ஆள் உயர அலை அவர்மேல் ஏறி இறங்கிப் போயும் அவர் காவியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாததை டீக்கடைக்காரர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். போய்க் கேட்டதற்கு அவர், "எந்தக் கடல்?" என்றார். அவருக்கு அங்கே மல்லாட்டைக் காடுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் நிஜமாகவே விட்டவனைக் கடல் நனைக்காது என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று. அதன் பிறகு பாதையோர டீக்கடைகளில் உட்கார்ந்து சாமியார்களின் காலைப் பார்ப்பதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. அலை வந்ததும் காவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்தான் ஜாஸ்தி. சிலர் மலைப்பக்கத்து ஓரத்துக்கு இடம் மாறினார்கள், சிலர் சைக்கிள் வாங்கினார்கள், இரண்டொருவர் காசிக்கே போய்விட்டார்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்? நனையாத கால் அந்த ஊரில் எப்போதுமே கம்மிதான்.

அப்பாதுரை என்பவர் அதற்கு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கடல் வந்ததும் ஆட்டோவை விற்றுவிட்டு, கடலூர்ப் பக்கமிருந்து ஒரு பழைய படகை லாரியில் ஏற்றி வந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை அதில் மாட்டினார். மேலே தார்ப்பாய், உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கூட்டம் சேர்க்க மாட்டார். ஒரு குடும்பத்துக்கு ஒரு படகு. ரயில்வே கேட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏற வேண்டும், மலை வலப்பக்கம் இருக்கும்படிதான் படகு போகும். கிரிவலம் தரையில் எப்படியோ தண்ணீரிலும் அப்படியே. அவரிடம் இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் கரையின் அழகைப் பார்க்க வந்தார்கள். உள்ளூர்க் குடும்பங்கள், வீட்டை விட்டுப் போன ஆம்பளைகளைத் தேடி வந்தன. பாதையில் நடந்து தேடினால் தூரத்திலேயே அடையாளம் கண்டு மலைமேல் ஏறிவிடுகிறார்கள் என்பதால், தண்ணீர்ப் பக்கமிருந்து தேடுவது தோதாக இருந்தது. கால் நனைகிறதா இல்லையா என்பதும் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.

ஜோதியம்மாளின் புருஷன் முருகையன் எண்பத்தொன்பதாம் வருஷம் தீபம் பார்க்கப் போனவன், திரும்பவில்லை. அடுத்த வருஷம் அவனைக் காவி வேட்டியில் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். ஜோதியம்மாள் தேடிப் போகவில்லை. பஸ் ஏறிப் போனவனுக்குப் பஸ் ஏறி வரத் தெரியாதா என்று இருந்துவிட்டாள். நிலத்தை அவளே ஓட்டினாள், பெண் அருணாதேவியை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தாள். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அது எதற்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அருணாதேவிக்குச் செங்கத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது அந்தக் கேள்வி வந்தது. தாரை வார்ப்பது யார்? மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா, ஏதாவது ஒன்று சொன்னால் போதும் என்றார்கள். முருகையனின் தம்பி அர்ஜுனனுக்குப் பதில் தயாராக இருந்தது. "காவி கட்டினவன் தனக்குத் தானே கருமம் பண்ணிக்கினவன் அண்ணி. செத்ததுக்குச் சமம்தான். நீங்க மேடை ஏறினா நல்லாருக்காது. நானும் எம் பொஞ்சாதியும் நின்னு தாரை வாக்கிறோம்." இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரு வேளை, அண்ணி சாப்பிட்டாளா என்று கேட்காதவன் அவன். ஜோதியம்மாள் சபையில் கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல், "செத்தாரா இருக்காரான்னு நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். கால் நனையாவிட்டால் செத்தவன், நனைந்தால் இருக்கிறவன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடல் சொல்வது கோர்ட்டில் செல்லாது, கல்யாண வீட்டில் செல்லும்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் தனியாக அப்பாதுரையின் படகில் ஏறினாள். அவர் பழக்கதோஷத்தில் ஊரைக் காட்டிக்கொண்டே வந்தார். வெயிலில் வெளுத்துத் தெரிந்த கோபுரங்கள், லாட்ஜு மொட்டைமாடிகளில் காயும் புடவைகள், அக்னிலிங்கத்தின் கரையில் வலை காயப்போடும் ஆட்கள், ஆசிரமத்துப் பக்கம் பாறை மேல் நின்று அலையைப் பார்த்து அகவும் மயில்கள், பாய் விரித்துப் படுத்திருக்கும் வெள்ளைக்காரிகள். மலை ஒவ்வொரு வளைவிலும் வேறு மலையாக மாறிக்கொண்டே வந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஜோதியம்மாள் நினைத்திருக்கவில்லை. இந்த அழகைப் பார்த்துக்கொண்டா இவன் இத்தனை வருஷம் இருந்தான் என்று நினைத்தபோது அந்த அழகே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அடிஅண்ணாமலை தாண்டுகிற இடத்தில், அலை எட்டாத மேட்டில், அன்னதான வண்டிக்குக் காத்திருந்த வரிசையில் ஒரு சாமியார் வலக்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைச் சொறிந்துகொண்டார். அப்படிச் சொறிகிற மனுஷன் உலகத்திலேயே ஒருவன்தான். ஜோதியம்மாளுக்கு அது முகம் மறைந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் படகு வளைவைத் தாண்டிவிட்டது.

"திருப்புங்க. படக திருப்புங்க" என்றாள்.

அப்பாதுரை இன்ஜினின் வேகத்தைக் குறைத்தார். திருப்பவில்லை. "இன்னாக்கா, தெரியாத மாதிரி பேசறீங்க? மலைய இடப்பக்கம் வெச்சுக்கினு போவ முடியுமா? முழு சுத்தும் சுத்தித்தான் வரணும்."

"எறங்கி நாலு எட்டு பின்னால நடந்துடறேன்."

"அதுவும் எதிர்சுத்துதாங்க்கா."

வேறு ஊர்க்காரியாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள், இல்லை குதித்திருப்பாள். ஜோதியம்மாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கண்ணில் பட்டவனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு அவள் முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டு எழுந்து மலைமேல் போய்விட்டால் இன்னொரு தடவை கிடைப்பானா? குபேரலிங்கம், ஈசானியலிங்கம், ரயில்வே கேட் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. நேரம் மட்டும் போவதாகத் தெரியவில்லை. கால் நனையாதவனாக இருந்தால் தான் கைம்பெண், மேடையில் இடமில்லை. நனைகிறவனாக இருந்தால் தான் ஒன்றுமில்லாத காரியத்துக்கு ஏமாந்துபோனவள். இந்த இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? மலையைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. கூப்பிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் சுற்றில் அவன் வரிசையில் இல்லை. கொஞ்சம் தள்ளிப் பாதையின் வெளியோரமாக, கழுவிய அலுமினியத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. நடை மாறவில்லை. அப்பாதுரை இன்ஜினை நிறுத்தினார். ஒரு அலை, பெரியதும் இல்லை சின்னதும் இல்லை, படகைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைக்குப் போயிற்று. முருகையன் அலையைத் திரும்பிப் பார்த்தான், தட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினான். வாய்க்கால் தாண்டும்போது தூக்குவானே, அதே தூக்கு. ஆனாலும் கணுக்கால் வரை நனைந்துவிட்டது.

ஜோதியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு அவன் படகைப் பார்த்தான். ஓடவில்லை.

"ஜோதியா?" என்றான்.

"அருணாவுக்குக் கல்யாணம். தை மாசம். வந்து தாரை வாத்துக் குடு."

அவன் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "எனக்கு வீடு, வாசல் எதுவும் இல்ல ஜோதி. எல்லாத்தையும் விட்டுட்டேன்."

"யோவ், விட்டுட்டவன் எதுக்குய்யா வேட்டியத் தூக்கினே?"

முருகையன் குனிந்து தன் காலைப் பார்த்தான். விரல்களுக்கு நடுவே நுரை வடிந்துகொண்டிருந்தது. அப்பாதுரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இன்ஜினைத் துடைத்தார்.

"மாப்பிள இன்னா பண்றாரு?"

"ஈபில இருக்காரு."

"நல்ல பையனா?"

"ஊட்டுல இருக்கிற பையன்" என்றாள் ஜோதியம்மாள்.

அவனுக்கு அது தைத்தது. "நான் வர மாட்டேன் ஜோதி" என்றான். "வந்தா மறுபடியும் போயிடுவேன். எம் புத்தி எனக்குத் தெரியும். நான் போனத ஒருவாட்டி பாத்ததே அவளுக்குப் போதும்."

அவன் சொன்னது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு அவ்வளவு கோபத்தைக் கொடுத்தது. அருணா சின்னவளாக இருந்தபோது ஒவ்வொரு கடைசி பஸ்ஸுக்கும் போய் நின்றதைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. படகில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அவன் எதிரில் போய் நின்றாள். "நகராம நில்லு" என்றாள். அடுத்த அலை வந்தது. இந்தத் தடவை அவன் வேட்டியைத் தூக்கவில்லை. அலை அவன் காலை நனைத்துவிட்டுத் திரும்பும்போது அந்தத் தண்ணீரைச் சொம்பில் மொண்டுகொண்டாள். "நீ வர வேணாம். இது வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள். மிச்சச் சுற்றையும் சுற்றி ரயில்வே கேட்டில் இறங்குகிற வரைக்கும் சொம்பை மடியைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

கீழ்பென்னாத்தூரில் சபை கூடியபோது, "உயிரோடதான் இருக்காரு. கால் நனையுது" என்றாள். இருக்கிற மனுஷன் ஏன் வரவில்லை என்று ஒரு கிழவர் கேட்டார். வருவார் என்று ஜோதியம்மாள் சொன்னாள். தை மாதம் முகூர்த்தத்தில் அவள் குங்குமத்தோடு மேடை ஏறி, மகள் கையைத் தன் கையாலேயே மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்து, அந்தச் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அத்தனை நாள் மூடி வைத்திருந்தும் அதில் அலை அடங்கியிருக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் இருந்தவர்களின் காலை நனைத்துவிட்டு, திரும்பவும் மேடைக்கே வந்து மணப்பெண்ணின் பாதத்தைத் தொட்டுவிட்டு நின்றது. ஐயர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அருணாதேவி குனிந்து அந்த ஈரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதே நேரத்தில் அடிஅண்ணாமலைக் கரையில் முருகையன் மேல் ஒரு அலை ஏறி இறங்கியது என்றும், அவன் அதைக் கவனிக்காமல் நடந்தான் என்றும், காவியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை என்றும் அப்பாதுரை மாசிமாதம் ஒரு நாள் வீடு தேடி வந்து சொன்னார். சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தாராம். அப்போது அர்ஜுனனும் அங்கே இருந்தான். அவன் அண்ணியின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "அப்பிடின்னா அண்ணி, இனிமே..." என்று இழுத்தான்.

"அது அவரு காலு" என்றாள் ஜோதியம்மாள். "நெத்தி என்னுது."

அப்பாதுரைக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, படகு சும்மா கிடக்கிறது, மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குனியில் மூன்று பேரும் போய், யாரையும் தேடாமல், ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வருஷம் மல்லாட்டைக்கு நல்ல விலை.