இலையோடு வெட்டியது

துணி வெட்டும் கத்தரியால்தான் அவள் அந்த லில்லித் தண்டை அடியோடு நறுக்கினாள். இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை வெட்டிய கத்தரி. ஒரே கடியில் வேலை முடிந்தது. மொட்டின் நுனி காலையில்தான் லேசாகப் பிளந்திருந்தது. புருஷனுக்கு இன்றைய பொழுது தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது.

அவள் புருஷன் மலைப் பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற வாரம், இன்ஜின் ஆற வண்டியை நிறுத்தும் வளைவில், சரிவில் இறங்கி ஒரு காட்டு லில்லியின் காய்ந்த காயைப் பறித்து வந்தார். அறுபது விதை போட்டதில் ஒன்பது முளைத்தன. முதல் வருஷம் முழுக்கப் புல் மாதிரி ஒற்றை இலை. "இதுக்கா இந்தப் பாடு?" என்று அவள் கேட்டதற்கு, "கீழ கிழங்கு கட்டுதுடி" என்றார். தண்ணீர் தேங்கக் கூடாதென்று சரளையைச் சலித்துப் பரப்பினார். கோடையில் வேர் சூடேறாமல் ஈரச் சாக்கு போட்டார். மெதுவாக ஓட்டியதால் பயணிகள் அவருக்கு 'நத்தை' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த நத்தையே விடியற்காலையில் டார்ச்சோடு குனிந்து நத்தை பொறுக்கியது. "சொந்தக்காரங்கள இப்படியா விரட்டுறது?" என்று மகள் சிரிப்பாள்.

ஆறு வருஷத்தில் எட்டு கிழங்குகள் அழுகிப்போயின. மிஞ்சிய ஒன்று மொட்டு விட்டபோது அவர் படுக்கையில் விழுந்திருந்தார். அந்த அறைக்குத் தோட்டத்துப் பக்கம் ஜன்னல் கிடையாது.

தம்ளரில் தண்டை நிறுத்தி அவர் முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, கண்ணத் திறங்க. யாரு வந்திருக்கா பாருங்க."

பார்த்தார். முதலில் மொட்டை. பிறகு தண்டு முழுக்க இருந்த இலைகளை.

"இலையோடவா வெட்டுன?"

"உங்களுக்குக் காட்டத்தான்..."

"இலை இல்லாம கிழங்கு எதத் தின்னும்?" மூச்சு இரைத்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். கை கடுத்தது. கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று வைக்கவில்லை. என்ன சொல்லிச் சமாதானம் செய்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. மூன்று மணிக்கு நின்றுவிட்டது.

மகளும் மருமகனும் வந்து சேர்ந்தபோது நாலரை.

"கடைசியா அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

"என்னத்தச் சொல்லுவாரு," என்றாள். "தண்ணி கேட்டாரு. குடுத்தேன்."

மகள் அவள் தோளில் சாய்ந்து உடைந்துபோனாள். "உன் கையால குடிச்சுட்டுப் போனாரே, அது போதும்மா."

அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மருமகன் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "அத்தை, முன்வாசல்ல ஸ்ட்ரெச்சர் திரும்பாதாம். மாமாவ ஏத்த வண்டி தோட்டம் வழியாப் பின்வாசலுக்குத்தான் வரணும்ங்கிறாங்க. மாமாவோட பாத்தி மேல ஏறுமே..."

"வரச் சொல்லுங்க."

"பலகை ஏதாவது போட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம் மாப்ள. நேரமாகுது."

அவள் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். வண்டி பின்பக்கமாக, தயங்கித் தயங்கி வந்தது. சக்கரத்தின் கீழ் சரளை நெரிபட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னும் வரலாமாம்மா?"

அவள் கையைத் தூக்கி அசைத்தாள்.

"வரலாம்... வரலாம்... வாங்க."